எஞ்சி நிற்கும் ரசம்

வாணலியில் காயும் எண்ணெயை வைத்தியர் விலக்கச் சொன்ன நாள் முதலாக, எங்கள் வீட்டில் சர்க்கரைவள்ளிக் கிழங்கும் காரட்டும் பீட்ரூட்டும் விரற்கடைப் பருமனுள்ள குச்சிகளாக நறுக்கப்பட்டு, ஓவன் என்னும் மின்சாரப் பெட்டிக்குள் புகுந்து வறுவலாகி வெளிவருகின்றன. இதை நான் வெறும் பத்தியமாகவே கருதியிருந்தேன். ஆனால் மாலையில் வந்த நண்பர் ஒருவர், தட்டைப் பார்த்துவிட்டு, "நாவை ஜயித்துவிட்டீர்!" என்று பாராட்டிச் சென்றார். அந்தப் பாராட்டு அன்றிரவு என்னைத் தூங்கவிடவில்லை.

பத்தியம் வேறு, விரதம் வேறு. நோய்க்கு அஞ்சி ஒன்றை விலக்குவது பத்தியம். பரம்பொருளின்பால் மனத்தைத் திருப்புவதற்காக விலக்குவது விரதம். இலையில் பார்க்கும்போது இரண்டும் ஒன்றுபோலவே தோன்றுவதுதான் சங்கடம். கீதையின் இரண்டாம் அத்தியாயத்தில் பகவான், உண்ணாதிருப்பவனை விட்டு விஷயங்கள் விலகினாலும் அவற்றின்மீதுள்ள ரசம் விலகுவதில்லை என்றும், பரத்தைக் கண்ட பின்னரே அதுவும் அகலும் என்றும் அருளுகிறார். (ரசம் என்றது நம் புளிரசத்தையன்று; உள்ளே ஊறிக்கிடக்கும் சுவைப்பற்றை.)

எங்கள் வறுவல் இதற்கு உத்தமமான நிதர்சனம். காய்ந்த எண்ணெய் ஏறக்குறைய 180 டிகிரி உஷ்ணத்தில் காயின் மேற்புறத்து நீரை விரட்டி, அதை உலர்த்திச் சிவக்கச் செய்கிறது. ஓவனின் 220 டிகிரி வறண்ட வெப்பமும் அதே காரியத்தை அரைமணி நேரம் எடுத்துக்கொண்டு நிதானமாகச் செய்கிறது. ஆகவே நாங்கள் துறந்தது எண்ணெயையே அன்றி மொறுமொறுப்பை அல்ல. அந்த மொறுமொறுப்பைக் காப்பாற்றுவதற்கென்று, மாவுச்சத்துக் கழியக் கிழங்கை அரைமணி நேரம் நீரில் ஊறவைப்பதும், ஈரம் சிறிதுமின்றித் துணியில் ஒற்றியெடுப்பதும், அரைக்கிலோவுக்கு ஒரு மேஜைக்கரண்டி கடலை எண்ணெய் மட்டும் பிசறுவதும், ஒன்றின் ஆவியில் மற்றொன்று வெந்து குழைந்துவிடாதபடி இடைவிட்டுப் பரப்புவதும், நீரை இழுத்துவிடும் என்று உப்பைக் கடைசிவரை ஒளித்துவைப்பதுமாக நாங்கள் படுகிற பாடு கொஞ்சமன்று. நாவை வென்றவன் கிழங்கை அவித்துத் தின்றுவிட்டுத் தன் வேலையைப் பார்த்திருப்பான். ஆசிரம விரதங்களுள் ஒன்றாக அஸ்வாதத்தை, அதாவது சுவை நாடாமையை, வைத்து, உணவை மருந்தைப்போல அளவறிந்து கொள்ளச் சொன்ன காந்தியடிகள் எங்கள் சமையலறைக்குள் வந்திருந்தால், புன்னகையோடு திரும்பிப் போயிருப்பார்.

எண்ணெயே பாபம் என்று சாதிப்போருக்கும் கீதை இடங்கொடுக்கவில்லை. பதினேழாம் அத்தியாயம் சாத்விக ஆகாரத்தின் லக்ஷணங்களில் ஸ்நிக்தத்தை, அதாவது நெய்ப்பசையை, சேர்க்கிறது. வறண்ட ரூக்ஷமான உணவையோ ராஜசத்தின் பக்கம் தள்ளுகிறது. இதைச் சாக்காகக் கொண்டு பஜ்ஜிக் கடையை நாடுவோர்க்கு நான் ஜாமீன் அல்லேன்.

சாந்தோக்ய உபநிஷத்தின் ஏழாம் அத்தியாயத்தில் ஸனத்குமாரர் நாரதருக்கு உபதேசிக்கும்போது, ஆகாரம் சுத்தமானால் அந்தக்கரணம் சுத்தமாகும் என்ற கருத்தைச் சொல்லுகிறார். அங்கே ஆகாரம் என்பதை உண்ணும் உணவாகவே கொள்வது ராமானுஜரின் மரபு. சங்கரரோ, புலன்கள் வழியாக உள்ளே கொணரப்படும் விஷயங்கள் அனைத்தையும் அந்தச் சொல்லில் அடக்கிவிடுகிறார். சங்கரரின் உரையைச் சமையற்கட்டிலிருந்து நழுவும் சாமர்த்தியம் என்று இளமையில் நான் நினைத்ததுண்டு. செவிக்கும் உணவுண்டென்று கருதிய வள்ளுவர் நினைவுக்கு வந்திருந்தால் அவ்வளவு துணிந்திருக்க மாட்டேன். என் தட்டில் ஒரு கரண்டி எண்ணெய் இருக்க, எதிர்வீட்டுக்காரர் தட்டிலுள்ள பஜ்ஜியைப் பார்த்து நான் ஏளனமாக எண்ணினால், அந்த எண்ணமல்லவோ அன்று நான் உண்ட அசுத்தமான ஆகாரம்! அவருடைய பஜ்ஜி அவர் வயிற்றோடு போயிற்று. என் ஏளனம் எங்கே போகும்?

ஆகையால் இப்பொழுது யாராவது பாராட்டினால், அரைலிட்டர் எண்ணெய் காயவேண்டிய இடத்தில் ஒரு கரண்டியோடும் ஏறக்குறைய ஒரு யூனிட் மின்சாரத்தோடும் காரியம் முடிகிறது என்று செட்டுக்கணக்கை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன். சிக்கனம் எளிய குணம். அது மோக்ஷத்துக்கு உரிமை கொண்டாடுவதில்லை.

சென்ற ஏகாதசியன்று, விரதத்துக்கு உகந்த பலகாரமென்று சர்க்கரைவள்ளிக் கிழங்கை மட்டும் ஓவனில் வைத்தார்கள். கையில் விஷ்ணு சஹஸ்ரநாமப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்த நான் அந்த அரைமணி நேரத்துக்குள் நான்கு முறை கடிகாரத்தைப் பார்த்தேன். ஐந்தாம் முறை தலை நிமிர்ந்தபோது, வாயிற்படியில் நின்றுகொண்டிருந்த என் சகதர்மிணி, "இன்னும் ஐந்து நிமிஷம் இருக்கிறது" என்றாள்.