மன்னிக்கும் உரிமை யாருக்கு?

யூதர்களின் திஷ்ரி மாதத்துப் பத்தாம் நாளுக்கு ‘யோம் கிப்பூர்’ என்று பெயர். பாவப் பரிகார நாள் என்பது அதன் பொருள். முதல் நாள் சூரியன் மறையுமுன் தொடங்கி மறுநாள் இரவு வரும் வரை, ஏறக்குறைய 25 மணி நேரம், நோன்பாளிகள் உணவும் நீரும் கொள்வதில்லை. குளிப்பு, நறுமணத் தைலம், தோற் செருப்பு, இல்லற சுகம் ஆகியவையும் அன்று விலக்கப்பட்டவை.

இத்துணைக் கடுமையான நோன்பு எல்லாப் பாவங்களையும் கழுவிவிடுமா? இல்லை என்கின்றன அவர்களுடைய மார்க்க நூல்களே. ஏறக்குறைய கி.பி. 200-ல் தொகுக்கப்பெற்ற மிஷ்னா, இறைவனுக்கு மாறாகச் செய்த குற்றத்துக்கே அந்நாள் பரிகாரம் என்கிறது. சக மனிதனுக்குத் தீங்கிழைத்தவன், முதலில் அவனிடம் சென்று அவன் மனத்தை ஆற்ற வேண்டும்.

கெய்ரோவில் வைத்தியராய் வாழ்ந்து 1204-ல் மறைந்த மூஸா இப்னு மைமூன் இதனை மேலும் விளக்குகிறார். பறித்த பொருளைத் திருப்பித் தந்தால் மட்டும் போதாது. மன்னிப்பும் கேட்க வேண்டும். அவன் மறுத்தால், நண்பர் மூவரை அழைத்துக்கொண்டு மீண்டும் செல்ல வேண்டும். அவன் இறந்திருந்தால், பத்துப் பேருடன் அவனது அடக்கஸ்தலத்துக்குச் சென்று குற்றத்தை ஒப்புக்கொண்டு, சேர வேண்டியதை வாரிசுகளிடம் கொடுக்க வேண்டும்.

எல்லையற்ற கருணையுடைய இறைவன் மன்னிப்பதற்கு மற்றொரு மனிதனின் சம்மதம் எதற்கு என்று சிலர் கேட்கலாம். கூலியைப் பறிகொடுத்தவன் வீட்டில் அடுப்பு எரியவில்லை. பறித்தவனோ ஆலயத்தில் அழுது, பாவம் தீர்ந்ததென்று நிம்மதியாய் உறங்குகிறான். அத்தகைய மன்னிப்பு அந்த ஏழைக்கு இழைக்கப்படும் இரண்டாவது அநீதியன்றோ? ஏழையின் உரிமையை அவன் கையிலேயே விட்டுவைப்பதும் இறைவனின் கருணையே.

ஆனால் அந்த உரிமைக்கும் வரம்புண்டு. மும்முறை உண்மையாக வேண்டியும் மனமிரங்காதவன், பின்னர் தானே குற்றவாளியாகிறான் என்பது இப்னு மைமூனின் தீர்ப்பு.

அன்று மாலைத் தொழுகையில் யூனுஸ் நபியின் சரித்திரம் வாசிக்கப்படுகிறது. நினிவே மக்கள் நோன்பிருந்தனர், சாக்குடை அணிந்தனர். எனினும் இறைவன் கவனித்தது அவர்களுடைய செயல் மாற்றத்தையே என்று மிஷ்னா சுட்டிக்காட்டுகிறது. திருடிய உத்திரத்தை மாளிகையில் வைத்துக் கட்டியவன், மாளிகையையே இடித்து அதனைத் திருப்பிக் கொடுத்தான் என்கிறது தல்மூத்.

அன்பர்களே! ‘ஹக்குல் இபாத்’ என்னும் அடியார்களின் உரிமையைப் பற்றி நம் மார்க்கமும் இவ்வாறே எச்சரிக்கிறது. பசித்திருப்பது நம்மில் பலருக்கு எளிது. நம்மால் நொந்தவனின் வாசலுக்குச் செல்வதே கடினம். நோன்பு வருமுன் அந்த வாசலுக்குச் சென்று வருவோமாக!