பார்வை இழந்தவனிடம் சொன்ன பொய்

1931இல் எம்.ஜி.எம். நிறுவனம் வெளியிட்ட ‘மாதா ஹரி’ பேசும்படத்தின் கடைசியில், பார்வை இழந்த ரஷ்ய விமானி தன் காதலியைக் காணச் சிறைக்கு வருகிறான். அது மருத்துவ விடுதி என்று அவனை நம்ப வைத்திருக்கிறார்கள். சுற்றியிருக்கும் எல்லோரும் அந்தப் பொய்யைக் காப்பாற்றுகிறார்கள். மாதா ஹரியாக நடிக்கும் கிரெட்டா கார்போ அவனிடம் விடைபெற்றுக் கொலைக்களத்துக்கு நடக்கிறார். உளவுக்காக அவள் சொன்ன பொய்களை மன்னிக்காதவரும் இந்தப் பொய்யில் கலங்கிப்போவார்.

அந்த உளவுப் பொய்கள் அவனிடமிருந்து எடுத்துக்கொண்டன; இந்தப் பொய் அவனுக்காகச் சொல்லப்பட்டது. வாய்மையை விளைவால் அளந்த வள்ளுவர், ஒற்றாடலுக்கும் ஓர் அதிகாரம் ஒதுக்கினார். ஆனால் ஓர் ஒற்றன் சொன்னதை இன்னோர் ஒற்றனைக் கொண்டு சரிபார்க்க வேண்டும், மூவர் சொல்லும் ஒத்துப்போனால்தான் நம்ப வேண்டும் என்று அங்கேயே கடிவாளமும் போட்டார். உளவை ஏற்கும் அரசு சான்றில் கண்டிப்பாக இருக்கக் கடமைப்பட்டது.

உளவுப் பொய்யை எப்படி அளப்பது என்ற கேள்வி, இலங்கையின் கண்டி மலைநாட்டிலுள்ள எங்கள் தெல்தோட்டைக்குத் தொலைவானதல்ல. கலஹா வழியாக இங்கு ஏறிவரும் பாதை புறப்படும் பேராதனையில்தான், 1944 ஏப்ரலில் மவுண்ட்பேட்டனின் தென்கிழக்காசியப் படைத் தலைமையகம் வந்து அமர்ந்தது. அமெரிக்க உளவு அமைப்பான ஓ.எஸ்.எஸ். கண்டியில் இயங்கியது. எதிரியின் மனத்தைக் குலைக்க வதந்தியும் போலிச் செய்தியும் தயாரித்த அதன் பிரிவில் ஜேன் ஃபொஸ்டர் வேலை செய்தார். மாதா ஹரியைப் போலவே டச்சுக்காரரை மணந்து ஜாவாவில் வாழ்ந்தவர். அன்று அவர் கட்டிய பொய் கடமை எனப்பட்டது. 1957இல் அதே நாடு அவரைச் சோவியத் உளவாளி என்று குற்றஞ்சாட்டியது. பின்னாளில் வெளியான சோவியத் தந்திகள் அவருக்கு எதிராகவே பேசுகின்றன. ஆனாலும் வழக்கு விசாரணைக்கு வரவில்லை. அப்போது பிரான்சில் இருந்த அவர், அங்கேயே வாழ்ந்து 1979இல் இறந்தார். கொடி மாறினால் குற்றமும் மாறும் என்பது அரசுகளின் கணக்கு. ஏமாற்றப்பட்டவருக்கு நேர்ந்த இழப்பு அந்தக் கணக்கில் சேர்வதேயில்லை.

நிஜ மாதா ஹரிக்கு, முதல் உலகப் போரின்போது பிரான்சில் விசாரணை நடந்தது, பூட்டிய அறைக்குள். ஜெர்மானியரிடம் பணம் வாங்கியதை ஒப்புக்கொண்டார். இரகசியம் எதுவும் கொடுக்கவில்லை என்றார். மத்ரித்திலிருந்து ஜெர்மானிய அதிகாரி அனுப்பி, பிரெஞ்சுக்காரர் இடைமறித்த தந்திகளே பெரிய சான்று. ஐம்பதாயிரம் வீரர்களின் சாவுக்கு அவரே காரணம் என்றார்கள். 1917 அக்டோபர் 15 அன்று, 41 வயதில், வன்சேனில் சுடப்பட்டார். வள்ளுவரின் கடிவாளம் அங்கே இல்லை.

பதினான்கு ஆண்டுகள் கழித்து வந்த அந்தப் படம், சந்தேகத்துக்கு இடமே வைக்காமல் அவரை உளவாளியாக்கியது. போதாதென்று, ஒரு தளபதியைச் சுட்டுக்கொல்லவும் வைத்தது. அந்தக் கொலை முழுக்கக் கற்பனை. கார்போவின் நடிப்பு எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் இதை ஏற்க முடியாது. பார்வை இழந்தவனிடம் சொன்ன பொய் அவன் துயரைத் தாங்கிக்கொண்டது. இந்தப் பொய்யோ, மறுத்துப் பேச முடியாத ஒருத்தியின் பெயரை விற்றது. வேறு வழி இல்லாமலில்லை. அதே 1931இல் மார்லின் டீட்ரிக் நடித்த ‘டிஸ்ஆனர்டு’ வந்தது. அதிலும் ஒரு பெண் உளவாளி துப்பாக்கிகளின் முன் நிற்கிறாள். அவளுக்குப் படமெடுத்தவர்கள் வைத்த பெயர் வெறும் எக்ஸ்-27.