பழுவூரார் வழக்கு

ஒரு நாவலைப் படமாக்குகிறவர் அந்த நாவலுக்கு எவ்வளவு தூரம் கட்டுப்பட்டவர்? கேள்வி பழையதுதான். ஆனால் மணிரத்னத்தின் 'பொன்னியின் செல்வன்' முதல் பாகம் 2022 செப்டம்பர் 30-ந் தேதியும், இரண்டாம் பாகம் 2023 ஏப்ரல் 28-ந் தேதியும் வெளிவந்த பிறகு, இந்தக் கேள்வியைப் பற்றி ஓர் அபிப்பிராயம் வைத்துக்கொள்ளாத தமிழ்க் குடும்பத்தைக் காண்பது அரிதாகிவிட்டது. இலக்கியம் என்றாலே எழுந்து போய்விடுகிறவர்கள்கூட இதில் கட்சி கட்டிக்கொண்டார்கள்.

கட்சிகள் முக்கியமாக இரண்டு. "கல்கி எழுதியதை மாற்ற இவர்கள் யார்?" என்பது ஒன்று. "ஐந்து பாகம் கொண்ட கதையைச் சுமார் ஐந்தரை மணி நேரத்தில் சொல்லும்போது வேறு என்ன செய்ய முடியும்?" என்பது மற்றொன்று.

குன்னத்தில் ஒரு கல்யாண வீட்டில், முகூர்த்தம் முடிந்து பந்தி ஓய்ந்த நேரத்தில், இந்த இரண்டு கட்சிகளும் மோதிக்கொண்டதைக் கேட்டேன். ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் முதல் கட்சிக்குத் தலைவர். கல்கி பத்திரிகையில் 1950 முதல் 1954 வரை தொடராக வந்தபோது அவருடைய வீட்டில் வாராவாரம் கிழித்துச் சேர்த்துக் கட்டிய பைண்டு இன்னும் இருக்கிறதாம். மணியத்தின் சித்திரங்களைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு எந்த நடிகையும் நந்தினியாகத் தோன்றவில்லை என்றார். சேந்தன் அமுதன்தான் உண்மையான இளவரசன் என்று தெரியவரும் கட்டத்தைப் படத்தில் அடியோடு விட்டுவிட்டதை அவரால் மன்னிக்க முடியவில்லை.

கல்லூரியில் படிக்கும் அவருடைய பேத்தி முறைப் பெண் ஒருத்தி குறுக்கிட்டாள். அவள் படத்துக்காகப் பரிந்து பேசுவாள் என்று எல்லாரும் எதிர்பார்த்தோம். ஏனென்றால் அவள் முதலில் பார்த்தது படத்தை. அதன் பிறகுதான் ஐந்து பாகத்தையும் படித்திருக்கிறாள்.

"அதெல்லாம் போகட்டும், தாத்தா. மணிமேகலையை எடுத்துட்டாங்களே! பாவம், புஸ்தகத்திலேயே அவ ஆசைப்பட்டது ஒண்ணும் கிடைக்கலை. படத்திலே நிக்க இடம்கூடக் கிடைக்கலை" என்றாள்.

அவள் குரலில் இருந்தது விமரிசனம் அல்ல. உறவுக்காரப் பெண்ணுக்கு இழைக்கப்பட்ட அநீதியைச் சொல்லும் தொனி. அந்தத் தொனியை நாம் அலட்சியமாக நினைக்கக் கூடாது. உலகம் முழுவதும் வாசகர்கள் இப்படித்தான் பேசுகிறார்கள். ஜார்ஜ் மார்ட்டின் நாவல்களைத் தழுவி 2011 முதல் 2019 வரை ஓடிய 'கேம் ஆப் த்ரோன்ஸ்' டெலிவிஷன் தொடரின் கடைசிப் பகுதியைத் திரும்ப எடுக்க வேண்டும் என்று பத்து லட்சம் பேருக்கு மேல் ஒரு விண்ணப்பத்தில் கையெழுத்திட்டார்கள். இல்லாத ராஜ்யத்தின் இல்லாத ராணிக்கு நியாயம் கேட்டுத்தான் அத்தனை கையெழுத்தும்! கல்கியும் இதிலிருந்து தப்பவில்லை. கதையை முடித்ததும், அவர் என்ன ஆனார், இவர் என்ன ஆனார் என்று வாசகர்கள் கேட்ட கேள்விகளுக்கு அவர் முடிவுரை எழுதிச் சமாதானம் சொல்ல வேண்டியிருந்தது.

காரணம் எளிது. கதையில் பாதியை எழுதுகிறவன் சொல்கிறான். மற்றப் பாதியை வாசகன் தன் மனத்தில் கட்டிக்கொள்கிறான். மணிமேகலையின் முகம், குரல், அவள் வாய்விட்டுச் சொல்லாத ஏக்கம் எல்லாம் வாசகன் போட்ட முதல். கல்கியின் எழுத்துக்கள் 1999-ல் நாட்டுடைமை ஆக்கப்பட்டன. அந்த நாவலை யார் வேண்டுமானாலும் அச்சிடலாம், மேடையேற்றலாம், படமெடுக்கலாம். ஆனால் வாசகன் தன் மனத்தில் கட்டிய பாதியை நாட்டுடைமை ஆக்க எந்தச் சட்டத்தாலும் முடியாது. சண்டை அங்கேதான் பிறக்கிறது.

இத்தனையும் மனத்தில் ஓடிக்கொண்டிருந்தபோது, அதுவரை வெற்றிலையை மடித்துக்கொண்டு பேசாமல் இருந்த ஒருவர் வாய் திறந்தார். மேலப்பழுவூரிலிருந்து கல்யாணத்துக்கு வந்தவர்.

"நீங்க ரெண்டு பேரும் கல்கிக்காகப் பேசறீங்க. எங்க ஊர் ராஜாவுக்காக யாருங்க பேசறது?"

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வழக்கில் யாரும் கூப்பிடாத சாட்சி ஒருவர் தாமாகவே கூண்டில் ஏறி நின்றுவிட்டதாகத் தோன்றியது.

பழுவூர் கற்பனை ஊர் அல்ல. அரியலூருக்குத் தெற்கே கீழப்பழுவூர் இருக்கிறது. அதற்குச் சற்று மேற்கே மேலப்பழுவூர். பக்கத்திலுள்ள கீழையூரில் பழுவேட்டரையர்கள் எடுப்பித்த இரட்டைக் கோயில் இன்றும் நிற்கிறது. சோழர் சிற்பக் கலையின் இளமைப் பருவத்தைப் பார்க்க விரும்புகிறவர்கள் அங்கே போகலாம். முதலாம் பராந்தகன் பழுவூர்க் குலத்தில் பெண் எடுத்தவன். சோழர்களுக்குப் பெண் கொடுத்து, சோழர்களுக்காகப் போர்முனையில் நின்ற குலம் அது.

ஆதித்த கரிகாலன் கொலையைப் பற்றி ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்த உடையார்குடிக் கல்வெட்டு பேசுகிறது. சோமன், ரவிதாசன், பரமேசுவரன் என்று துரோகிகளின் பெயர்களைச் சொல்கிறது. பழுவேட்டரையர் பெயர் அதில் இல்லை. நந்தினியோ கல்கியின் கற்பனை. ஆனாலும் இன்று தமிழ்நாட்டில் பழுவேட்டரையர் என்றதும் நம் நினைவுக்கு வருவது கோயில் கட்டிய குலமா? நள்ளிரவில் கூடிச் சதி செய்தவர், வயது சென்ற காலத்தில் ஓர் அழகியிடம் மதி மயங்கியவர் — இவர்தானே?

அப்படியானால் மூலத்தை மாற்றியவர் மணிரத்னம் மட்டும் அல்ல. அவருக்கு முன்பே கல்கி மாற்றியிருக்கிறார். கல்கிக்கு மூலம் கல்வெட்டு. மணிரத்னத்துக்கு மூலம் கல்கி. "மாற்றுவதே பாவம்" என்று தீர்ப்புச் சொன்னால், ஆசிரியர் பத்திரமாக வைத்திருக்கும் அந்தப் பைண்டையும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த வேண்டி வரும். "மாற்றுவது கலைஞனின் உரிமை, அதோடு சரி" என்று சொன்னாலோ, பழுவூர்க்காரரின் கேள்விக்குப் பதில் இல்லாமல் போகிறது. அவர் மூதாதையருக்காகக் கேட்கிறார். இறந்தவர்கள் மறுப்பு எழுதிப் பத்திரிகைக்கு அனுப்ப முடியாது.

எனக்குத் தோன்றுகிற நியாயம் இது: கதை சொல்லுகிறவன் கடன் வாங்கலாம், ஆனால் வாங்கியதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

கல்கி பழுவூர்க் குலத்தின் பெயரைக் கடன் வாங்கினார். அதன்மேல் ஒரு பழியையும் ஏற்றினார். அதோடு விட்டுவிடவில்லை. உடம்பில் 64 போர்க் காயங்களைத் தாங்கிய வீரராகப் பெரிய பழுவேட்டரையரை நிறுத்தினார். அவருடைய மயக்கத்தைக் காட்டிய அதே கை, மயக்கம் தெளிந்தபோது அந்தக் கிழவர் படும் வேதனையையும் காட்டிற்று. புத்தகத்தை மூடும்போது நமக்கு அவரிடம் வெறுப்பு இருப்பதில்லை. மரியாதை கலந்த துக்கம்தான் இருக்கிறது. வாங்கிய கடனுக்கு அது வட்டி. முதலைத் திருப்பியதும் உண்டு: அந்த நாவல் இல்லாவிட்டால் நம்மில் எத்தனை பேருக்குப் பழுவூர் என்ற பெயர் தெரிந்திருக்கும்?

படத்தையும் இதே தராசில் நிறுத்திப் பார்க்கலாம். மணிமேகலையை விட்டது கணக்கில் பற்று எழுத வேண்டிய விஷயந்தான். நேரமில்லை என்பது காரணம்; ஆறுதல் ஆகாது. புத்தகத்தைத் தொடவே போகாத லட்சக்கணக்கானவர்களுக்கு அப்படி ஒருத்தி பிறக்கவே இல்லை. ஆனால் மணிமேகலைக்காகக் கண் கலங்கிய அந்தப் பெண்ணைப் புத்தகத்திடம் அனுப்பி வைத்தது எது? அந்தப் படமேதான். அந்த வரவையும் எழுதாவிட்டால் கணக்கு நேர்மையாகாது. விட்டுவிடுவது வேறு, இழிவுபடுத்துவது வேறு. விடப்பட்டவள் புத்தகத்தில் பத்திரமாக இருக்கிறாள். தேடிப் போனால் கிடைப்பாள். ஒருவனுடைய பெயரை எடுத்துக்கொண்டு, அவமானத்தை மட்டுமே அவனுக்குக் கொடுத்துவிட்டுப் போகிறவன்தான் உண்மையில் திருடன்.

வாசகனும் கடனாளிதான். மணிமேகலையைத் தெரிந்தவன், அவளைத் தெரியாதவனிடம் அவள் கதையைச் சொல்ல வேண்டும். கையெழுத்து இயக்கத்தைவிட அது அவளுக்கு அதிக உபகாரம். ராமன் கதையும் பாண்டவர் கதையும் நம் வீடுகளில் தங்கியது பாட்டிகள் சொன்னதால்; யாரும் யாரையும் விண்ணப்பத்தால் கட்டாயப்படுத்தியதால் அல்ல.

நாவல் எழுதுகிறவன் என்ற முறையில் இந்த வழக்கு என்னைச் சும்மா விடுவதில்லை. நாங்கள் அரசர்களிடம் மட்டுமா கடன் வாங்குகிறோம்? பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவரின் சிரிப்பை எடுக்கிறோம். அடுத்த வீட்டுப் பெண்ணின் துயரத்தை எடுக்கிறோம். உறவினர் ஒருவரின் பலவீனத்தை எடுத்து, பெயரை மாற்றி, கதை முடிவில் ஓர் அழகுக்காக அவரைக் கொன்றும் விடுகிறோம். பழுவேட்டரையருக்காவது கோயிலும் கல்வெட்டும் சாட்சி சொல்ல இருக்கின்றன. ஆயிரம் ஆண்டு கழித்தும் அவர் பக்கம் பேச ஓர் ஊர்க்காரர் இருக்கிறார். பெயரில்லாமல் எங்கள் கதைகளுக்குள் வந்து சேர்ந்துவிட்ட இந்த மனிதர்களுக்கோ, எழுதுகிறவனின் மனச்சாட்சியைத் தவிர வேறு சாட்சி கிடையாது.