வெல்லாவெளிக்கு பஸ் இருக்கு

மட்டக்களப்பு வாவிக்கரைக் கல்லடியில் ஒரு மத்தியானம். சித்திரம் படிக்கிற பிள்ளை ஒருத்தி, கண்காட்சிக்கு அனுப்பவிருந்த 'கலைஞர் கூற்றை' நீட்டி, "தமிழக் கொஞ்சம் திருத்தித் தாங்க சேர்" என்றாள். முதல் வரி: 'நினைவின் வெளியில் உடல் கொள்ளும் மௌனத்தை என் படைப்பு விசாரணை செய்கிறது.'

இதில் திருத்த எந்தப் பிழையும் இல்லை. படைப்பு சுவரில் சாத்தியிருந்தது: பலகையில் ஆணியடித்து விரித்த பழைய வீச்சு வலை, அங்கங்கே சிவப்பு நூல் தையல்.

"ஆர்ர வலை?"

"அம்மப்பாட வலை சேர். அவர் மோசம் போனாப் பிறகு அம்மா கோழிக்கூட்டுக்குக் கட்டினவ. கோழி கிழிச்ச இடமெல்லாம் நான் தைச்சன்."

"இத ஏன் எழுதல்ல?"

"இத எழுதினா எடுப்பாங்களா சேர்?"

அவள் பயம் பொய்யல்ல. உலகக் கலைக்கூடங்களின் அறிவிப்புகளை ஆயிரக்கணக்கில் அலசிய அலிக்ஸ் ரூல், டேவிட் லெவின் இருவரும், அவற்றுக்கென்றே தனி ஆங்கிலம் ஒன்று முளைத்துவிட்டதாக 2012இல் எழுதினார்கள். நாம் 'வெளி' என்று பெயர்க்கும் சொல் அதில் எதற்கும் பொருந்தும் சாவி. அந்த ஆங்கிலத்தின் பேத்திதான் இவள் எழுதிய வரி.

சாமியார் கையில் விபூதி கொட்டினால் சிரிக்கிற நாம், விளங்காத கூற்றின் முன் மட்டும் கைகட்டி நிற்கிறோம். ஏமாற்றில்லாமல் அற்புதம் காட்டினால் ஒரு லட்சம் ரூபாய் என்று சவால் விட்டவர் கொழும்பில் வாழ்ந்த ஏப்ரகாம் கோவூர். மூடிய உறைக்குள் இருக்கும் நோட்டின் இலக்கத்தைச் சொன்னாலும் போதும் என்றார். பணம் கடைசிவரை அவரிடமே இருந்தது. நம் சோதனை இன்னும் மலிவு: கூற்றைக் கழற்றிப் பக்கத்துப் படத்துக்குக் கீழே ஒட்டுங்கள். யாருக்கும் வித்தியாசம் தெரியாவிட்டால் அது மந்திரம்.

சோதனைக்கு நிற்கும் கூற்றும் உண்டு. 1848 செப்டம்பரில் இந்த வாவியில் படகேறிய எமர்சன் டெனன்ட் என்ற வெள்ளைக்கார அதிகாரி, தண்ணீருக்கடியிலிருந்து என்ன கேட்டது என்று எழுதிவைத்தார். காற்றில்லாத நிலவிரவு. ஒரே நீண்ட ஓசையல்ல, தனித்தனியான சின்னச் சின்ன ஒலிகள். படகின் பலகையில் காதை வைத்தால் கூடும். இடம் மாறினால் மாறும். பாடுவது ஊரி நத்தைதான் என்றார்கள் மீன்பிடிகாரர். ஊரியோ மீனோ, தோணி கிடைத்தால் எவரும் போய்ச் சரிபார்க்கலாம். நாமோ பாடும் மீனைக் கடற்கன்னியாக்கிச் சிலை வைத்தோம்.

அவளுடைய இரண்டாவது வரிதான் என்னைக் குத்தியது: 'யுத்தத்தின் காயங்களைச் சுமக்கும் வலை.'

"அம்மப்பா எப்பிடிப் போனவர்?"

"சீனி வருத்தம் சேர்."

1990 ஓகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதவர்களைப் படுகொலையில் பறிகொடுத்தவர்களும், அடுத்த மாதம் சத்துருக்கொண்டானில் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்களும் இதே வாவிக்கரையில்தான் இருக்கிறார்கள். அவர்களுடைய காயத்தைக் கேட்காமல் இரவல் வாங்கி ஒரு கோழிக்கூட்டு வலைக்குப் பூசுவதை எந்தக் கலைச்சொல்லால் அழைப்பது? திருட்டு என்றேன். முகம் சிவந்து, தாளைப் பறித்துக்கொண்டு போனாள்.

மூன்றாம் நாள் வந்தாள். யுத்தம் போய்விட்டது. அம்மப்பா, சீனி வருத்தம், கோழி, ஊசி, சிவப்பு நூல் வாங்கிய கடைகூட இருந்தது. கடைசியில் மட்டும் 'நினைவின் வெளி' ஒட்டிக்கொண்டிருந்தது.

"வெல்லாவெளிக்கு பஸ் இருக்கு மகள். இந்த வெளிக்கு எதில போற?"

சிரித்தாள். ஆனால் அந்த வரியை வெட்டவில்லை.