பாட்டில் வரும் பாவி யார்?

நம் இல்லங்களில் பாட்டுக்குப் பஞ்சமில்லை. நிக்காஹ் பந்தலிலும், மீலாது மேடையிலும், ரமலான் மாதத்து ஸஹர் நேரத்திலும் இஸ்லாமியப் பாடல்களைக் கேட்டே வளர்ந்தவர்கள் நாம். அவற்றுள் ஒரு வகை உண்டு. இறைவனைப் புகழ்வதோடு நில்லாமல், பாடுகிறவர் தம்மையே குற்றவாளியாக நிறுத்திக்கொள்ளும் பாடல்கள் அவை. தாம் பாவி என்றும், தம் மனம் தம் சொல்லைக் கேட்பதில்லை என்றும், நாயனின் வாசலை விட்டால் வேறு போக்கிடம் இல்லை என்றும் அவை முறையிடும். கேட்டுக் கண் கலங்காதவர் குறைவு.

இசைக் கருவிகள் கூடுமா, கூடாதா என்பது வேறு மஸ்அலா. உலமாப் பெருமக்கள் அதை விரிவாகவே பேசியிருக்கிறார்கள். இங்கே நாம் எடுத்துக்கொள்வது பாட்டின் பொருளை மட்டுமே. இத்தகைய பாடல்களில் 'நான்' என்று வருகிறதே, அந்த 'நான்' யார்? பாவி என்று சொல்லப்படுகிறவர் யார்?

இந்தக் கேள்வி நமக்குக் கிதாபைப் பார்த்து எழுந்ததன்று. ஒரு கல்யாண வீட்டில் எழுந்தது. அதை முதலில் சொல்லிவிடுகிறோம்.

திண்டிவனத்துப் பந்தலில்

அது 1986-ஆம் ஆண்டு. விழுப்புரமும் திண்டிவனமும் அன்று தென்னாற்காடு மாவட்டத்தில் இருந்த காலம். விழுப்புரத்தில் நாம் கடை வைத்திருந்தோம். நம் ஒரே தங்கையைத் திண்டிவனத்தில் கொடுத்திருந்தோம். அவளுடைய மூத்த மகளுக்கு நிக்காஹ். முதல் நாளே பாசஞ்சர் வண்டியில் ஏறி, முண்டியம்பாக்கம், விக்கிரவாண்டி, பேரணி, மயிலம் என்று ஒவ்வொரு நிலையமாக நின்று நின்று போய்ச் சேர்ந்தோம்.

இரவு இஷாத் தொழுகை முடிந்து பந்தலில் அமர்ந்திருந்தோம். ஒலிபெருக்கியில் நாகூர் ஹனீபா அவர்களின் குரல் முழங்கிக்கொண்டிருந்தது. பாவத்தை நினைத்து உருகி, மன்னிப்பை வேண்டும் ஒரு பாடல் வந்தது. நம்மை அறியாமல் கண்ணீர் பெருகிற்று. துண்டால் முகத்தை மூடிக்கொண்டு தேம்பினோம். அருகில் இருந்தவர்கள், "ஈமான் உள்ள நெஞ்சு, இளகிப்போச்சு" என்று தமக்குள் பேசிக்கொண்டது காதில் விழுந்தது. அது கொஞ்சம் இதமாகவும் இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

நம் தாயாரின் மூத்த சகோதரி, வயது முதிர்ந்தவர், சற்றுத் தள்ளி வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தார். பாட்டு முடிந்ததும் கேட்டார்:

"தம்பி, எந்தப் பாவத்தை நினைச்சு அழுதே?"

"எல்லாப் பாவத்தையும்தான் பெரியம்மா, பொதுவா" என்றோம்.

"பொதுவா அழுதா யாருக்கும் நஷ்டமில்லே" என்று சொல்லிவிட்டு அவர் மீண்டும் வெற்றிலை இடிக்கத் தொடங்கினார்.

அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு சொல் அன்று இரவு நம்மைத் தூங்கவிடவில்லை.

பாடியவர் பாவியா?

இத்தகைய பாடல்களைக் கேட்பவர்களில் சிலர் பாட்டெழுதியவரின் வாழ்க்கையைத் துருவத் தொடங்குகிறார்கள். "இப்படிப் புலம்புகிறாரே, என்ன பாவம் செய்தாரோ!" என்பது அவர்களுடைய ஆராய்ச்சி.

குணங்குடி மஸ்தான் சாகிபு அவர்களை எடுத்துக்கொள்வோம். சுல்தான் அப்துல் காதிர் என்பது அவர்களுடைய இயற்பெயர். தொண்டியை அடுத்த குணங்குடியில் பிறந்து, துறவு பூண்டு, வடசென்னையில் வாழ்ந்து 1838-ல் மறைந்தவர்கள். பராபரக்கண்ணியிலும் எக்காலக்கண்ணியிலும் அவர்கள் தம்மைத் தாழ்த்திக்கொள்ளாத இடம் அரிது. எக்காலக்கண்ணியின் அமைப்பையே பாருங்கள். ஒவ்வொரு கண்ணியும் 'எக்காலம்?' என்ற கேள்வியில் போய் முடிகிறது. அடைந்துவிட்டவன் எக்காலம் என்று கேட்க மாட்டான். வழியில் நிற்கிறவன்தான் கேட்பான். அவர்களோ, பிற சமயப் புலவரான சரவணப்பெருமாள் ஐயரே நான்மணிமாலை பாடிப் போற்றும் அளவுக்கு மதிக்கப்பட்டவர்கள். அப்படிப்பட்டவர் ஏன் தம்மை வழியில் நிற்பவராகப் பாடினார்?

பாடுகிற நாவுகளுக்காகப் பாடினார் என்பதே நாம் காணும் விடை. அந்த 'நான்' ஒரு சட்டையைப் போன்றது. தைத்தவர் ஒருவர், அணிகிறவர் வேறொருவர். ஹனீபா அவர்கள் பாடிய பாடல்களை எழுதியவர்கள் வேறு கவிஞர்கள். எழுதியவர் ஒருவர், பாடியவர் ஒருவர், அழுதவர் நாம். அப்படியானால் அந்தப் பாவத்துக்குச் சொந்தக்காரர் யார்? எந்த நெஞ்சில் அது தைக்கிறதோ, அந்த நெஞ்சுக்கு உரியவரே!

வேறு சிலர் பாட்டைக் கேட்டதும் அண்டை வீட்டாரை நினைக்கிறார்கள். "இது அவருக்குத்தான் பொருந்தும், அவர் கேட்க வேண்டிய பாட்டு" என்று சொல்வதை நாம் கேட்டிருக்கிறோம். சட்டையைப் பிறருக்கு அளவு பார்ப்பது அது. அதிகம் சொல்லத் தேவையில்லை.

ஆதமின் சொல்லும் இப்லீஸின் சொல்லும்

குற்றத்தை எப்படிச் சொல்ல வேண்டும் என்பதற்குத் திருமறையிலேயே பாடம் இருக்கிறது. அல்அஃராப் அத்தியாயத்தில் இரண்டு பேச்சுகளை அடுத்தடுத்துக் காண்கிறோம். இப்லீஸ், தன்னை வழிதவறச் செய்தவன் இறைவனே என்று பழியை மேலே ஏற்றினான். ஆதம் (அலை) அவர்களும் ஹவ்வா (அலை) அவர்களும், தங்களுக்குத் தாங்களே அநீதி இழைத்துக்கொண்டதாக ஒப்புக்கொண்டு மன்னிப்பு வேண்டினார்கள். ஷைத்தான் தூண்டினான் என்பது உண்மைதான். ஆயினும் அவர்கள் அவனைக் காரணம் காட்டவில்லை. தவ்பாவின் வாசல் அந்த இடத்தில்தான் திறக்கிறது.

மனிதனின் நப்ஸ் ஒரே நிலையில் இருப்பதில்லை. தீமையைத் தூண்டும் நப்ஸைப் பற்றி யூஸுப் அத்தியாயமும், தன்னைத்தானே நிந்திக்கும் நப்ஸைப் பற்றி அல்கியாமா அத்தியாயமும், அமைதியடைந்த நப்ஸைப் பற்றி அல்பஜ்ரு அத்தியாயமும் கூறுகின்றன. நாம் பேசும் பாடல்கள் நடுவில் உள்ள அந்த நிந்திக்கும் நப்ஸின் குரல். அந்தக் குரல் கேட்கும் வரை ஈமானின் விளக்கு அணையவில்லை என்று பொருள். எனவே, இப்பாடல்களைக் கேட்டு, 'நமக்கு ஈடேற்றமே இல்லை' என்று மனம் உடைவது சரியான பொருள் கொள்வதாகாது. அல்லாஹ்வின் ரஹ்மத்தில் நம்பிக்கை இழக்க வேண்டாம் என்பது அஸ்ஸுமர் அத்தியாயத்தின் கட்டளை.

ஹன்ளலா (ரலி) அவர்களின் வரலாறு ஸஹீஹ் முஸ்லிமில் வருகிறது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் சபையில் இருக்கும்போது சுவர்க்கமும் நரகமும் கண்முன் தெரிவது போலிருக்கிறது. வீட்டுக்குப் போய் மனைவி மக்களோடும் தொழிலோடும் கலந்ததும் பெரும்பகுதி மறந்துபோகிறது. ஆகவே தாம் முனாபிக்காகிவிட்டதாக அவர் அஞ்சினார். வழியில் சந்தித்த அபூபக்கர் (ரலி) அவர்கள், தமக்கும் அப்படியே இருக்கிறது என்றார்கள். உம்மத்தின் முதல் கலீபாவான ஸித்தீக் அவர்களே அவ்வாறு சொன்னார்கள் என்றால், நம் உள்ளத்தின் ஏற்ற இறக்கம் கண்டு நாம் நிலைகுலைய வேண்டியதில்லை. நாயகம் (ஸல்) அவர்களும், மனிதனுக்கு நேரத்துக்கொரு நிலை உண்டு என்ற கருத்தையே விளக்கி ஆறுதல் அளித்தார்கள்.

ஒரு கவிஞரின் தவ்பா

ஆனால் ஆறுதல் மட்டும் போதுமா? பெரியம்மாவின் கேள்வி அங்கேயே நிற்கிறதல்லவா?

கஅப் இப்னு மாலிக் (ரலி) அவர்கள் மதீனத்து அன்ஸாரிகளில் புகழ்பெற்ற கவிஞர். ஹிஜ்ரி 9-ஆம் ஆண்டில் தபூக்குக்குப் படை புறப்பட்டபோது, 'நாளை போகலாம், நாளை போகலாம்' என்று தள்ளிப்போட்டு மதீனாவிலேயே தங்கிவிட்டார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் திரும்பி வந்ததும், எண்பதுக்கும் மேற்பட்டோர் வந்து ஆளுக்கொரு சாக்குச் சொன்னார்கள். கஅப் அவர்களுக்குச் சொல்வன்மையில் குறைவில்லை. நினைத்திருந்தால் எவரும் நம்பும்படி ஒரு காரணத்தைக் கட்டியிருக்கலாம். அவர்களோ, தமக்கு எந்தத் தடையும் இருக்கவில்லை என்றும், அப்போது இருந்ததைப் போல் வசதியோடு ஒருபோதும் இருந்ததில்லை என்றும் உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டார்கள்.

ஐம்பது இரவுகள் ஊரே அவர்களுடன் பேசவில்லை. பிறகு தவ்பா ஏற்கப்பட்ட செய்தி வஹீயாக வந்தது. அந்த மகிழ்ச்சியில் தம் செல்வம் முழுவதையும் தர்மம் செய்ய முன்வந்தார்கள். கொஞ்சம் வைத்துக்கொள்ளும்படி நாயகம் (ஸல்) அவர்கள்தாம் தடுத்தார்கள்.

இங்கே கவனியுங்கள். கவிஞராக இருந்தும், கஅப் அவர்கள் தம் குற்றத்தை அழகுபடுத்தவில்லை. பொதுவாகப் 'பாவியானேன்' என்று சொல்லவில்லை. இன்ன நாளில், இன்ன கடமையில், இன்ன காரணமும் இல்லாமல் தவறினேன் என்று பெயரிட்டுச் சொன்னார்கள். முடிவில் கையிலிருந்ததைக் கொடுக்க எழுந்தார்கள்.

எகிப்து தேசத்து இமாம் பூஸிரி அவர்கள் 13-ஆம் நூற்றாண்டில் பாடிய கஸீதத்துல் புர்தா நம் ஊர்களிலும் ஓதப்படுகிறது. அதில் நப்ஸைக் கண்டித்துப் பாடும் பகுதி தனியாகவே இருக்கிறது. பால்குடியை மறக்கச் செய்யாவிட்டால் பிள்ளை வளர்ந்த பின்னும் பாலையே நாடும், நப்ஸும் அப்படித்தான் என்ற கருத்தை அங்கே அமைத்திருக்கிறார்கள். அதே பகுதியில், அமல் இல்லாத வெறும் சொல்லுக்காகவும் அல்லாஹ்விடம் பாவமன்னிப்புத் தேடுகிறார்கள். என்ன பேணுதல், பாருங்கள்! பாட்டுக்குள்ளேயே பாட்டுக்காக ஒரு இஸ்திக்பார்! சொல் இனித்துவிட்டால் செயல் வந்துவிட்டதாக நப்ஸ் கணக்கு எழுதிக்கொள்ளும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

இமாம் நவவி (ரஹ்) அவர்கள் ரியாளுஸ் ஸாலிஹீனில் தவ்பாவுக்குரிய நிபந்தனைகளை வகுத்துத் தருகிறார்கள். பாவத்தை விடுதல், வருந்துதல், மீண்டும் செய்வதில்லை என உறுதி கொள்ளுதல் ஆகிய மூன்றும் எல்லாப் பாவத்துக்கும் உரியவை. பிற மனிதரின் ஹக் சம்பந்தப்பட்டிருந்தால் நான்காவதாக, அந்த ஹக்கை உரியவரிடம் ஒப்படைக்க வேண்டும். கண்ணீர் இரண்டாவது நிபந்தனைக்குச் சாட்சியாகலாம். நான்காவதைக் கண்ணீரால் நிறைவேற்ற முடியாது.

நாம் அழ மறந்த பாவம்

இப்போது நம் கதையை முடித்துவிடுகிறோம். நம் தாயார் முன்பே மவ்த்தாகிவிட்டார்கள். தந்தையார் மவ்த்தானது 1978-ல். அவர்கள் விட்டுச்சென்றவை ஒரு வீடும், மல்லாட்டை விளையும் கொஞ்சம் நிலமும். வாரிசுகள் நாமும் தங்கையும் மட்டுமே. அன்னிஸா அத்தியாயம் ஆணுக்கு இரண்டு பங்கு, பெண்ணுக்கு ஒரு பங்கு என்று விதித்திருக்கிறது. அதாவது, மூன்றில் ஒரு பாகம் தங்கையுடையது. நாம் அதைக் கொடுக்கவில்லை. கேட்டவர்களிடம், "கல்யாணத்தின்போது நகையும் சீரும் செய்தாயிற்று, அதிலேயே கழிந்துபோயிற்று" என்று சொல்லிவந்தோம். தகப்பன் மகளுக்கு உயிரோடிருக்கும்போது மனமுவந்து கொடுத்தது, அவர் மவ்த்துக்குப் பின் எழும் வாரிசுரிமையைக் கழிக்காது என்பது நமக்குத் தெரியாததல்ல. தங்கை கேட்கவில்லை. அதையே நாம் சம்மதமாக வைத்துக்கொண்டோம்.

அந்தப் பந்தல், அந்த விருந்து, அந்த ஒலிபெருக்கி, எல்லாமே அவள் வட்டிக்கு அஞ்சி, உறவினரிடம் கைமாற்றாக வாங்கிய பணத்தில் நடந்துகொண்டிருந்தன. அந்தப் பந்தலில் உட்கார்ந்துதான் நாம் பொதுவாக அழுதோம்!

நிக்காஹ் முடிந்து மூன்றாம் மாதம் நிலத்தை அளந்து, அவள் பாகத்தைப் பத்திரம் செய்து கொடுத்தோம். வீட்டில் அவள் பங்குக்குரிய பணத்தையும் இரண்டு தவணையாகச் சேர்ப்பித்தோம். "இப்ப எதுக்குண்ணே இதெல்லாம்?" என்றாள். பிறகு பத்திரத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். எட்டு ஆண்டுகளாக அந்த நிலத்தில் நாம் எடுத்துத் தின்ற வெள்ளாமைக்குக் கணக்குப் பார்க்க நம்மிடம் வகையில்லை. அதை ஹலாலாக்கிவிடும்படி கேட்டோம். "ஆக்கிட்டேண்ணே" என்றாள். மனம் நிறைந்து சொன்னாளா, அண்ணன் கேட்கிறாரே என்று கூச்சப்பட்டுச் சொன்னாளா என்பதை அல்லாஹ் அறிவான். அந்தக் கவலை இன்றும் நம்மிடம் இருக்கிறது. இருக்கட்டும். அது நம்மைத் தட்டி எழுப்பிக்கொண்டிருக்கட்டும்.

அல்லாஹ் மறைத்துவைத்த பாவத்தைத் தானே ஊருக்கு அம்பலப்படுத்துவதை நாயகம் (ஸல்) அவர்கள் கண்டித்திருக்கிறார்கள். அதை மறந்து இதை எழுதவில்லை. பங்கு கொடாத விஷயம் நம் குடும்பத்தில் மறைவானதாக இருக்கவுமில்லை. இதைப் படிக்கும் ஒருவருக்கேனும் தம் சகோதரியின் முகம் நினைவுக்கு வராதா என்ற ஆசையே எழுத வைத்தது.

சகோதரர்களே, சகோதரிகளே! பாடல்களைக் கேளுங்கள், கண் கலங்கினால் கலங்கட்டும். ஆனால் பாட்டு முடிந்ததும் பெரியம்மாவின் கேள்வியை நமக்கு நாமே கேட்டுக்கொள்வோம்: எந்தப் பாவம்? பதிலை ஊருக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஸுஜூதில் நாயனிடம் பெயரிட்டுச் சொன்னால் போதும். அதில் பிறர் ஹக் ஏதேனும் இருந்தால், எழுந்து அவர் வீட்டுக்குப் போக வேண்டும். பாட்டுக்கு நாம் சொல்லக்கூடிய மெய்யான பொருளுரை அந்த நடைதான்.

யா அல்லாஹ்! சொல்லில் மட்டும் தவ்பாச் செய்தவர்களாக எங்களை உன் சந்நிதியில் நிறுத்திவிடாதே. உரியவருக்கு உரியதைக் கொடுத்துவிட்டு, கை சுத்தமாக உன்னிடம் கையேந்தும் பாக்கியத்தை எங்களுக்குத் தந்தருள்வாயாக! ஆமீன்.