பங்குனி உத்திரத்தில் கூடிய பேறுகள்



பங்குனி என்னும் மாதப் பெயரே பல்குனீ என்னும் நக்ஷத்திரப் பெயரிலிருந்து வந்தது. உத்தரபல்குனியையே நாம் உத்திரம் என்கிறோம். பங்குனியில் பௌர்ணமியை ஒட்டி இந்நக்ஷத்திரம் கூடும் நாள் பெரிய பிராட்டியாரின் திருவவதார தினம். திருவரங்கத்தில் திவ்யதம்பதிகளின் சேர்த்தி உத்ஸவமும் அன்றே. அச்சேர்த்தியின் திருமுன்பே எம்பெருமானார் கத்யத்ரயத்தை விண்ணப்பம் செய்தார் என்பது பூர்வாசார்யர்கள் வழிவந்த செய்தி. நஞ்சீயரின் திருநக்ஷத்திரமும் இந்நாளே.

உத்திரத்திற்கும் பிராட்டிக்கும் உள்ள தொடர்பை வால்மீகி பகவான் இரண்டு இடங்களில் காட்டுகிறார். பால காண்டத்தில், பகனை அதிதேவதையாக உடைய உத்தரபல்குனியே விவாஹத்திற்கு உகந்ததென்று ஜனகர் ஸபையில் சொல்லப்படுகிறது. யுத்த காண்டத் தொடக்கத்தில், இன்று உத்தரபல்குனி, நாளை ஹஸ்தம், ஆகவே இன்றே புறப்படுவோம் என்று சக்ரவர்த்தித் திருமகன் ஸுக்ரீவனிடம் கூறுகிறார். இவ்விரண்டும் பங்குனி மாதத்து உத்திரமே என்று அடியேன் சொல்ல வரவில்லை. நக்ஷத்திரம் ஒன்று என்பதே இங்கு வேண்டுவது. கைப்பிடித்த நக்ஷத்திரம் எதுவோ, சிறையிருந்தவளை மீட்கக் கடற்கரை நோக்கிப் புறப்பட்ட நக்ஷத்திரமும் அதுவே.

இனித் திருவரங்கத்திற்கு வருவோம். பங்குனி ப்ரஹ்மோத்ஸவத்தில் நம்பெருமாள் உறையூருக்கு எழுந்தருளிக் கமலவல்லி நாச்சியாரோடு சேர்த்தி கண்டருளுகிறார். உத்திரத்தன்று ஸ்ரீரங்கநாச்சியார் ஸந்நிதிக்கு வரும்போது அவருக்குக் கதவு அடைக்கப்படுகிறது. ப்ரணய கலஹம் என்றும் மட்டையடி என்றும் இதை வழங்குவர். இரு தரப்பிலும் பேச்சு நடந்து, நம்மாழ்வார் முன்னின்று ஸமாதானம் செய்த பின்னரே சேர்த்தி. ஆண்டுக்கு ஒருமுறையே இருவரும் ஒரே ஆஸனத்தில் ஸேவை ஸாதிக்கிறார்கள்.

இதை வேடிக்கையாக மட்டும் காண்பவர் பலர். உலகங்களுக்கெல்லாம் நாதனானவன், உள்ளே செல்ல ஒருத்தியின் இசைவை எதிர்பார்த்து வாசலில் நிற்கிறான். அந்த நாளையே எம்பெருமானார் தம் சரணாகதிக்குத் தேர்ந்தார். சரணாகதி கத்யத்தில் அவர் எடுத்த எடுப்பில் பெருமாளிடம் செல்வதில்லை. முதலில் பிராட்டியைச் சரணம் பற்றி, அவள் இசைவைப் பெற்ற பின்னரே பெருமாள் திருவடிகளில் விழுகிறார். காலையில் நாயகனிடம் ஊடல் காட்டியவள், மாலையில் பிள்ளையிடம் கோபம் காட்டவில்லை. நாயகனோடு பிணங்க அறிந்த அவளுக்குச் சேதநனைத் தண்டிக்கத் தெரியாது.

அடியேன் வங்கியில் பணிபுரிந்த காலமெல்லாம் பங்குனி உத்திரம் மார்ச் 31 கணக்கு முடிக்கும் பரபரப்பை ஒட்டியே வரும். வரவும் செலவும் ஒத்துப்போகும் வரை எவரும் வீடு திரும்ப இயலாது. வாராக்கடனைத் தள்ளுபடி செய்யும் கோப்புகளும் அந்நாட்களில் மேசைக்கு வரும். தள்ளுபடி என்பது கொடுத்த கடனுக்கே உண்டு. இனி வாங்கப்போகும் கடனையும் இப்போதே தள்ளிவிடுங்கள் என்று ஒருவன் விண்ணப்பித்தால் எந்த மேலாளர் ஒப்புவார்? எம்பெருமானாரோ, செய்த அபராதங்களையும் செய்துகொண்டிருக்கும் அபராதங்களையும் இனிச் செய்யப்போகும் அபராதங்களையும் ஒருசேரப் பொறுத்தருள வேண்டும் என்று கேட்கிறார். அறுபதைக் கடந்து தம் கணக்கைத் திரும்பிப் பார்க்கும் எவருக்கும் இந்த இடத்தில் நெஞ்சு உருகும். இப்படிக் கேட்கத் துணிவு வந்தது, அருகில் அவள் அமர்ந்திருந்ததால் அன்றோ!

நஞ்சீயர் விஷயத்திலும் பிராட்டியின் கை இருக்கிறது. மேல்நாட்டில் மாதவர் என்னும் பெயரோடு வேறு ஸித்தாந்தத்தில் பெரும் புலமையும் செல்வமும் பெற்று அவர் வாழ்ந்திருந்தார். அவரைத் தேடிச் சென்றவர் பராசர பட்டர். ஸ்ரீரங்கநாச்சியாரின் பிள்ளையாகவே கொண்டாடப்பட்டவர், அவள் விஷயமாக ஸ்ரீகுணரத்நகோசம் அருளியவர். அன்னமிடும் இடத்தில் சென்று நின்று, வேண்டுவது சோறன்று, தர்க்க பிக்ஷை என்றார். வாதத்தில் தோற்ற மாதவர் பட்டருக்கே சிஷ்யரானார். பின்னர் செல்வத்தை மூன்று கூறாக்கி, இரண்டு பங்கை மனைவியர் இருவருக்கும் கொடுத்து, மூன்றாவதை ஆசார்யனுக்கென்று எடுத்துக்கொண்டு, ஸந்யாஸியாகத் திருவரங்கம் வந்து சேர்ந்தார். நம் ஜீயர் என்று பட்டர் வாயார அழைத்ததே அவருக்குத் திருநாமமாயிற்று. தாயின் திருநாளில் பிறந்தவரைத் தாயின் பிள்ளையே சென்று அழைத்து வந்திருக்கிறார்.

அவர் திருவாய்மொழிக்கு அருளிய ஒன்பதினாயிரப்படியை நன்றாகப் பட்டோலை கொள்ளுமாறு வரதராஜர் என்னும் இளைஞரிடம் கொடுத்தார். காவிரி வெள்ளத்தில் ஓலைகள் போயின. ஜீயரிடம் கேட்ட அர்த்தங்களை நினைவிலிருந்தே எழுதி, ஆங்காங்கே தமக்குத் தோன்றிய நயங்களையும் சேர்த்து அவ்விளைஞர் ஸமர்ப்பித்தார். படித்துப் பார்த்த ஜீயர் சினக்கவில்லை; உகந்து தழுவிக்கொண்டு, நம்பிள்ளை என்றழைத்தார்.