பிறர் இதயத்தை வாசித்தல்

ஆங்கிலத்தில் எழுதப்பட்ட இதயப் பரிசோதனை அறிக்கையொன்றை ஆங்கிலம் தெரியாத ஒருவருக்கு வாசித்துச் சொல்பவன் எதற்கெல்லாம் பொறுப்பாளி? சப்ரகமுவத் தோட்டப்புறத்து ஆசிரியர்களுக்கு இது வெறும் ஏட்டுக் கேள்வியல்ல. "சேர், இதக் கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க" என்று லயத்திலிருந்தும் கடைவீதியிலிருந்தும் உறைகள் வருகின்றன. வங்கிக் கடிதமென்றால் சிக்கலில்லை. அணுமருத்துவ ஸ்கேன் அறிக்கை அப்படியல்ல.

அது சொல்வது இதுதான். நோயாளியை ட்ரெட்மில்லில் நடக்கவைத்து, இதயம் கடுமையாக உழைக்கும் வேளையில் டெக்னீஷியம் கலந்த மருந்தை நாளத்தில் ஏற்றுவார்கள். இரத்தம் எட்டும் இடத்து இதயத்தசையில் அது தங்கும். கெமரா அதன் கதிரைப் படமாக்கும். ஓய்விலும் இன்னொரு படம். உழைப்பின்போது தெரிந்த இருட்டு ஓய்வில் நிறைந்துவிட்டால் தசை உயிரோடிருக்கிறது, உழைக்கும்போது இரத்தம்தான் போதவில்லை. இரண்டிலும் இருட்டென்றால் பெரும்பாலும் பழைய மாரடைப்பின் தழும்பு. பெரும்பாலும் என்பதை அழுத்திச் சொல்கிறேன். உதரவிதானத்தின் நிழல்கூட இதயத்தின் அடிச்சுவரில் குறைபோலத் தோன்றலாம். அகராதியை வைத்துக்கொண்டு சொல்லுக்குச் சொல் பெயர்ப்பவன் பொய் சொன்னவனாகிவிடக்கூடும்.

இன்னொன்றும் உண்டு. இந்தப் படம் இதயத்தின் ஒரு பகுதியை மற்றப் பகுதியோடு ஒப்பிட்டே பேசுகிறது. மூன்று பெரிய குழாய்களும் ஒரேயளவில் அடைபட்டிருந்தால் படம் சிலவேளை நன்றாகவே தெரியும். எல்லோரும் சமமாக வறியவர்களாயிருக்கும் இடத்தில் வறுமை கண்ணில் படாது. லயங்களைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல.

இனி எனக்கு நேர்ந்த வழக்கு. அறுபது கடந்த புடவைக்கடை நானா ஒருவரின் மகன், தகப்பன் வருமுன்பே என்னிடம் வந்தார். "வாப்பாக்கு நோர்மல் எண்டு மட்டும் சொல்லுங்க சேர்." அறிக்கையிலிருந்ததோ ஓய்வில் நிறையும் குறை. மகனின் பாசத்தில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் புடவைக்கட்டைத் தோளில் சுமந்து மேடேறுபவர் மகனல்ல, தகப்பன். தவிர, மார்க்கம் அவர்மீது சில கடமைகளை வைத்திருக்கிறது. மரணசாசனம் செய்யவேண்டிய பொருளுள்ளவர் அதை எழுதிவைக்காமல் இரண்டு இரவுகளைக் கழிக்கலாகாது என்ற கருத்தில் நபிகள் நாயகம் (ஸல்) சொன்னது நாம் அறிந்ததே. கடனும் அப்படித்தான். தன் நிலையை அறியாதவர் இவற்றை நிறைவேற்றுவது எப்படி? அறியும் உரிமை என்று இன்று பேசுகிறோம். எனக்கு அது கடமையின் மறுபக்கமாகவே தெரிகிறது.

"எல்லாம் கத்ர்தானே, சொல்லி என்னத்துக்கு?" என்றார் மகன். கொள்ளைநோய் பரவிய ஷாம் நாட்டுக்குள் நுழையாமல் உமர் (ரலி) திரும்பியபோது, அல்லாஹ்வின் விதியிலிருந்தா ஓடுகிறீர்கள் என்று அபூஉபைதா (ரலி) கேட்டார். ஒரு விதியிலிருந்து அவனுடைய இன்னொரு விதிக்கே போகிறோம் என்பது பதிலின் சாரம். அறிக்கை கைக்கு வந்ததும் கத்ர்தான் என்று மகனுக்குச் சொன்னேன்.

அதேவேளை, தீர்ப்புச் சொல்ல நான் யார்? ஷாஃபி சட்ட அறிஞரும் மருத்துவருமான இப்னு நஃபீஸ் (இறப்பு 1288), இதயத்தின் நடுச்சுவரில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டென்று கேலன் காலந்தொட்டு நம்பப்பட்டதை மறுத்து, இரத்தம் நுரையீரல் வழியாகவே இடப்பக்கம் சேர்கிறது என்று எழுதினார். இல்லாத துளையை இருப்பதாகச் சொல்லாத அந்த நேர்மை, இருக்கும் குறையை மறைக்காமலிருக்கவும் வேண்டும். இரண்டுக்கும் இடைப்பட்ட வழியொன்றே எனக்குத் தெரிந்தது. "நோர்மல் எண்டு நான் சொல்லமாட்டேன். டொக்டரிட்ட வாப்பாவோட நானும் வாரேன். அவர் சொல்றத அங்க தமிழில சொல்றேன்."

மகனுக்கு அது பிடிக்கவில்லை. சில நாள் முகங்கொடுத்துப் பேசவுமில்லை. ஆனாலும் மூவருமாகப் போனோம். டொக்டர் அறிக்கையைப் பார்த்துவிட்டு அஞ்சியோகிராம் செய்யவேண்டும் என்றார். அதைச் சொன்னதும் நானா கேட்ட முதற் கேள்வி, கடன் கொப்பியைப் பார்த்து முடிக்க இரண்டு நாள் அவகாசம் இருக்கிறதா என்பதுதான்.